தொங்கி நிற்கும் பில்லிங் சர்வரைத் தானாக எழுப்புவது எப்படி: கம்பம், போடி கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

சர்வர் கீழே கம்பத்திலோ போடியிலோ இருக்கும். கொள்முதல் கிளை மேலே குமுளியிலோ வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கும். தமிழ்நாட்டுக் கடைக்கு 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண், கேரளக் கிளைக்கு 32-இல் தொடங்கும் எண், இரண்டுக்கும் ஒரே பில்லிங் ஆப். ஏலக்காய் விற்கும் விலைக்குச் சில சிப்பங்கள் ஏற்றினாலே 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். இ-வே பில் இல்லாமல் வண்டி மலையிறங்க முடியாது. அந்த நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே இருந்தால், மேலேயிருந்து ஒரு போன் வரும்: "அண்ணே, சர்வரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

அந்த வேலையை மெஷினிடமே ஒப்படைப்பதற்கான படிகள் இவை. உபுண்டு லினக்ஸ், அதில் புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஓடும் ஜாவா ஆப், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்ற அமைப்பை வைத்துச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் வேறு இருந்தாலும் வரிசை மாறாது. கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருப்பதால், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். சிஸ்டம்டியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் வேலை செய்யாது. லினக்ஸின் உதவிக் குறிப்பான மேன் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். செத்துப்போன புரோசஸை எழுப்புவது சுலபம், சிஸ்டம்டியே அதைச் செய்துவிடும். புரோசஸ் உயிரோடு இருக்கும், போர்ட்டும் திறந்திருக்கும், ஆனால் பதில் மட்டும் வராது. இந்த நிலை சிஸ்டம்டியின் கண்ணில் படாது. நம்மைத் தவிக்கவிடுவதும் இதுதான்.

1. ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை

எதையும் தொடுவதற்கு முன் இவற்றை எழுதுங்கள்: ஆப் எந்த யூசர் பெயரில் ஓடுகிறது, எந்த போர்ட் (டாம்கேட் என்றால் வழக்கமாக 8080), தொடங்கும் கட்டளை எது, லாக் எங்கே விழுகிறது, ஜாவாவுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கியிருக்கிறது, டேட்டாபேஸ் அதே மெஷினிலா வேறு மெஷினிலா, சென்ற பேக்கப் எப்போது எடுத்தது, அதை எப்போதாவது ரீஸ்டோர் செய்து பார்த்தாயிற்றா.

ஆப்பை எழுதிக்கொடுத்தவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிறுத்தச் சொன்னால் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிற்குமா? நிற்க எத்தனை விநாடி? முழுதாகத் தொடங்க எத்தனை விநாடி? பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால், நீங்களாக ரீஸ்டார்ட் அமைப்பதை அது அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் ஒரு பில் காணாமல் போனால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

2. எவ்வளவு தாமதம் ஆனால் 'தொங்கிவிட்டது'?

இதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் அளந்து பாருங்கள். ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதிலைப் பார்க்கும் கர்ல் கட்டளையில் மொத்த நேரத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைக் கூப்பிட்டு, வந்த நேரத்தையும் பதில் எண்ணையும் ஒரு கோப்பில் சேர்க்கும் நாலு வரி ஸ்க்ரிப்ட் போதும். இந்த வாரத்தில் ரீஸ்டார்ட் அதிகாரம் எதற்கும் கிடையாது.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஏலக்காய் வரத்து மந்தமாக இருக்கும் கோடையில் அளந்த எண், அறுவடை மும்முரமாக இருக்கும் மாதங்களுக்குப் பொருந்தாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதிகளான 11, 20, அவற்றின் முந்தைய நாட்கள் ஆகியவற்றில் கணக்காளர்கள் மாத அறிக்கையை இழுப்பார்கள். அப்போது ஆப் 6, 8 விநாடி எடுப்பது நோய் இல்லை, பாரம். அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தால் அறிக்கை பாதியில் அறுந்துபோகும். அவர் மறுபடி அதே பட்டனை அழுத்துவார், ஆப் மறுபடி திணறும், மறுபடி ரீஸ்டார்ட். இந்தச் சுழலில் ஒரு மதியமே போய்விடும்.

அளந்தபின் ஒரு நல்ல தொடக்கம்: சாதாரண நாளில் பதில் 1 விநாடிக்குள் வந்து, ரிட்டர்ன் நாளில் 8 விநாடி வரை போனால், வரம்பை 10 விநாடி என்று வையுங்கள். ஒருமுறை தாண்டினால் ஒன்றும் செய்ய வேண்டாம். 30 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, தொடர்ந்து 4 முறை தாண்டினால் மட்டும் நடவடிக்கை. தொங்கிய நேரத்திலிருந்து சுமார் 2 நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

3. நலம் விசாரிக்க ஒரு தனி முகவரி

லாகின் பக்கத்தைச் சோதிப்பதுதான் பொதுவாக எல்லோரும் செய்யும் தவறு. அது டேட்டாபேஸைத் தொடாமலே அழகாகத் திறந்துவிடும், உள்ளே பில் போட முடியாமல் இருந்தாலும். ஆப் எழுதியவரிடம் கேட்டு இரண்டு முகவரிகள் வாங்குங்கள். ஒன்று, டேட்டாபேஸைத் தொடாமல் 'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்வது. மற்றொன்று, டேட்டாபேஸில் ஒரு மிகச் சிறிய கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்வது.

இரண்டாவது தவறும்போது நேரே ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் ஸ்க்ரிப்ட் டேட்டாபேஸைத் தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு இதற்கென்றே பிஜி-ஈஸ்ரெடி என்ற கட்டளை உண்டு. டேட்டாபேஸே விழுந்திருந்தால் ஆப்பை எத்தனை முறை எழுப்பினாலும் பயனில்லை. ஆளுக்குத் தகவல் மட்டும் போக வேண்டும்.

சோதனையை அதே மெஷினிலிருந்து 127.0.0.1 வழியாகச் செய்யுங்கள். மேலே கிளையிலிருந்து சோதித்தால், மலைப்பாதையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்த நாளிலெல்லாம் ஒன்றுமே ஆகாத கம்பம் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.

4. சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பு

செத்தால் எழுப்புவது இங்கே. 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆல்வேஸ்', 'ரீஸ்டார்ட்செக்' 10 (எழுப்பும் முன் பொறுக்கும் விநாடி), 'டைம்அவுட்ஸ்டாப்செக்' 60 (நிற்கக் கொடுக்கும் விநாடி). நீங்களாக ஸ்டாப் கொடுத்தால் 'ஆல்வேஸ்' குறுக்கே வந்து எழுப்பாது, பயப்பட வேண்டாம்.

பொறிகள் இங்கே நிறைய உண்டு. சிஸ்டம்டி இயல்பாக 10 விநாடிக்குள் 5 தடவை தொடங்கினால்தான் 'போதும்' என்று நிறுத்தும். ரீஸ்டார்ட்செக் 10 என்று வைத்தபின் அந்த எண்ணிக்கை எட்டவே எட்டாது, உடைந்த ஆப் இரவு முழுக்கத் தொடங்கித் தொடங்கி விழும். ஆகவே 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்' 1800, 'ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட்' 4 என்று மாற்றுங்கள், அதாவது 30 நிமிடத்தில் 4 தடவைக்கு மேல் தொடங்காது. இந்த இரண்டு வரிகளும் 'யூனிட்' பகுதியில் வர வேண்டும். 'சர்வீஸ்' பகுதியில் போட்டால் எச்சரிக்கை ஒன்றை லாகில் எழுதிவிட்டு சிஸ்டம்டி 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்' வரியை ஒதுக்கிவிடும்.

ஜாவா ஆப் ஒழுங்காக நின்றாலும் 143 என்ற எண்ணோடுதான் வெளியேறும். 'சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்' வரியில் 143 சேர்க்காவிட்டால் நல்லபடியாக நின்ற ஆப்பையும் 'ஃபெயில்டு' என்று காட்டும். ஜாவா விருப்பங்களில் 'எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர்' சேருங்கள். மெமரி தீர்ந்தபின் அரை உயிரில் கிடப்பதைவிட அது செத்துவிடுவது நல்லது, 10 விநாடியில் எழுந்துவிடும். 2 ஜிபி மெஷினில் ஜாவாவுக்கே 2 ஜிபி கொடுக்காதீர்கள். டேட்டாபேஸும் அதிலேயே இருந்தால் 1 ஜிபிக்கு மேல் வேண்டாம்.

'வாட்ச்டாக்செக்' என்ற வரியைப் பார்த்து ஆசைப்பட்டு அதைப் போட்டுவிடாதீர்கள். ஆப் தானாகக் குறித்த இடைவெளியில் சிஸ்டம்டிக்குத் தகவல் அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தால்தான் அது உதவும். இல்லையென்றால் நன்றாக ஓடும் ஆப்பையே ஒவ்வொரு கெடுவிலும் கொன்றுவிடும்.

கோப்பை மாற்றியதும் டீமன்-ரீலோடு. மறந்தால் பழைய அமைப்பே ஓடும்.

5. காவல் ஸ்க்ரிப்ட்டும் டைமரும்

ஸ்க்ரிப்ட் செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

ஆப் தொடங்கி 3 நிமிடம் ஆகவில்லை என்றால் சும்மா வெளியேறு. டாம்கேட் எழுந்து நிற்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும் ஆப்கள் உண்டு. இந்த அவகாசம் இல்லாவிட்டால் எழுந்துகொண்டிருப்பதையே தட்டிவிடும்.

கர்ல் கொண்டு நலம் விசாரி. அதிகபட்ச நேரம் 10 விநாடி, 400-உம் அதற்கு மேலும் உள்ள பதில் எண்களைத் தோல்வியாகக் கொள்ளும் விருப்பமும் சேர்த்து. கர்ல் திருப்பித் தரும் எண்ணைப் பதிவு செய். 28 என்றால் நேரம் கடந்தது, அதாவது தொங்கல். 7 என்றால் இணைக்கவே முடியவில்லை, ஆப் இல்லை. 22 என்றால் ஆப் பதில் சொல்கிறது, ஆனால் பிழை சொல்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய். 22-க்கு ரீஸ்டார்ட் பெரும்பாலும் மருந்தாகாது, ஆளைக் கூப்பிடு.

தோல்வி என்றால் எண்ணிக்கைக் கோப்பில் ஒன்று கூட்டு, வெற்றி என்றால் பூஜ்ஜியமாக்கு. 4 ஆனால், 3-ஆம் படியில் சொன்னபடி டேட்டாபேஸைத் தொட்டுப் பார், அது நன்றாக இருந்தால் அடுத்த படிக்குப் போ.

இதை லினக்ஸின் நேர அட்டவணையான கிரானில் ஓட்டினால் இரண்டு சிக்கல்: நிமிடத்துக்குக் குறைவாக ஓட்ட முடியாது, முந்தைய ஓட்டம் முடியாமலே அடுத்தது தொடங்கிவிடும். பின்னதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லாக் வேண்டும். சிஸ்டம்டி டைமரில் ஒரே சர்வீஸ் இருமுறை ஒன்றன்மேல் ஒன்று ஓடாது. 'ஆன்பூட்செக்' (மெஷின் எழுந்தபின் முதல் ஓட்டம்) 5 நிமிடம், 'ஆன்யூனிட்ஆக்டிவ்செக்' (அடுத்தடுத்த ஓட்டங்களின் இடைவெளி) 30 விநாடி. இதோடு 'அக்யூரசிசெக்' (நேரத்தில் அனுமதிக்கும் பிசகு) 1 விநாடி என்று கட்டாயம் போடுங்கள். இயல்பாக அது 1 நிமிடம் என்பதால் 30 விநாடி டைமர் இஷ்டத்துக்கு ஓடும், நீங்களும் ஸ்க்ரிப்ட்டில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்க்ரிப்ட் எழுதத் தயக்கம் என்றால் மோனிட் என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் சில வரி அமைப்பில் செய்யும். ஆனால் அடுத்த இரண்டு படிகளை விரும்பியபடி செய்யத் தனி ஸ்க்ரிப்ட்தான் வசதி.

6. எழுப்புவதற்கு முன் சாட்சியம் எடுங்கள்

ரீஸ்டார்ட் செய்தவுடன் எல்லாம் சரியாகிவிடும், ஏன் தொங்கியது என்பதும் அதோடு அழிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி தொங்கும். ஆகவே ரீஸ்டார்ட் கட்டளைக்கு முன்னால், தேதி நேரம் போட்ட ஒரு ஃபோல்டரில் இவற்றைச் சேர்க்க வேண்டும்: ஜாவா ஆப்பின் ஒவ்வொரு திரெட்டும் (ஆப்புக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் 5 விநாடி இடைவெளியில் 3 முறை, டாப் (எது எவ்வளவு ஓடுகிறது) ஒரு பக்கம், ஃப்ரீ (மெமரி நிலை), டிஸ்க் இடம், டேட்டாபேஸில் அந்த நேரம் ஓடும் கேள்விகளின் பட்டியல், லாக் கோப்பின் கடைசி 500 வரி.

ஜேஸ்டாக்கை ஆப் ஓடும் அதே யூசராக ஓட்ட வேண்டும், ஜேடிகே (ஜாவாவின் முழுக் கருவித் தொகுப்பு) இருந்தால்தான் அது கிடைக்கும். வெறும் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்ட மட்டுமே ஆனது) மட்டும் இருந்தால் 'கில் மைனஸ் 3' கொடுத்தால் ஆப்பே தன் நிலையை லாகில் கொட்டும், சாகாது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் 'டைம்அவுட் 20' சேருங்கள், இல்லையென்றால் உறைந்த ஆப்பிடம் கேள்வி கேட்டே காவல் ஸ்க்ரிப்ட்டும் உறைந்துபோகும். 30 ஃபோல்டருக்கு மேல் சேர்ந்தால் பழையதை அழிக்கவும்.

எடுத்த சாட்சியத்தை எப்படிப் படிப்பது? எல்லாத் திரெட்டும் டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்திருந்தால், வாங்கிய இணைப்பை ஆப்பின் ஏதோ ஒரு மூலை திருப்பித் தரவில்லை. டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்துத் தரும் ஹிகாரி பூல் இயல்பாக 10 இணைப்புதான் வைத்திருக்கும், பத்தும் கசிந்தால் கதை முடிந்தது. பல திரெட்டுகள் வெளி சாக்கெட்டை (நெட் இணைப்பை) படித்தபடி நின்றால், இ-இன்வாய்ஸ் அல்லது இ-வே பில் போர்ட்டலின் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. ஜாவாவின் பழைய ஹெச்டிடிபி இணைப்பில் கெடு எதுவும் வைக்காவிட்டால் அது முடிவே இல்லாமல் காத்திருக்கும். டாம்கேட்டின் இயல்பான 200 திரெட்டும் இப்படி ஒவ்வொன்றாகச் சிக்கிக்கொள்ளும். இந்த ஒன்றை ஆப் எழுதியவரிடம் காட்டி 20 விநாடி கெடு வைக்கச் சொன்னால், பல கடைகளில் தொங்கலே நின்றுபோகும். டிஸ்க் 100% என்றால் ரீஸ்டார்ட் வீண், பழைய லாகை அழியுங்கள்.

7. பில் பாதியில் அறுந்தால்

என் பார்வையில் இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான படி. ஆப் இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு இன்வாய்ஸை அனுப்பிவிட்டது. போர்ட்டல் அந்த இன்வாய்ஸுக்கான தனி அடையாளமான ஐஆர்என் எண்ணை உருவாக்கிவிட்டது. அந்த எண் நம் டேட்டாபேஸில் பதியும் முன்னால் ரீஸ்டார்ட் விழுந்தது. கடையில் பில் இல்லை, அரசுப் பதிவில் இருக்கிறது. பில் போடும் பையன் மறுபடி அதே பில் எண்ணில் அனுப்பினால் 2150 என்ற பிழை வரும், அதாவது இந்த ஐஆர்என் ஏற்கெனவே இருக்கிறது. அவசரத்தில் புது எண் போட்டு அனுப்பிவிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் ஆகிவிடும்.

தடுக்க மூன்று வேலைகள். ரீஸ்டார்ட் எப்போதும் சிஸ்டம்டி வழியாகவே நடக்கட்டும், ஸ்க்ரிப்ட்டில் 'கில் மைனஸ் 9' எழுதவே எழுதாதீர்கள். சிஸ்டம்டி முதலில் மரியாதையாக நிற்கச் சொல்லும், டைம்அவுட்ஸ்டாப்செக் தீர்ந்தால்தான் வெட்டும். அந்த அவகாசம் போர்ட்டல் கெடுவைவிட நீளமாக இருக்க வேண்டும். போர்ட்டலுக்கு 20 விநாடி, நிற்க 60 விநாடி என்பது இதனால்தான். இரண்டாவது, 2150 வந்தால் புது எண் போடாமல், போர்ட்டலில் அந்த இன்வாய்ஸ் விவரத்தைக் கேட்டு வாங்கிப் பதியும் வசதி ஆப்பில் இருக்க வேண்டும். மூன்றாவது, பில் போடும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "திரை நின்றுபோனால் 5 நிமிடம் பொறுத்து, அதே பில் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்." மேலே கிளையில் மலையாளத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

8. பிரேக்

30 நிமிடத்தில் 2 முறைக்கு மேல் ஸ்க்ரிப்ட் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. மூன்றாம் முறை தேவைப்பட்டால் ஆளைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கட்டும். ஸ்க்ரிப்ட் கொடுக்கும் ரீஸ்டார்ட்டும் சிஸ்டம்டியின் 4 என்ற கணக்கில் சேரும். அந்தக் கணக்கு தீர்ந்த நிலையில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, தொடங்க மறுத்துவிடும். மெதுவாக ஓடிய ஆப்பும் போய்விடும். அப்படி ஆனால் அந்தக் கணக்கை அழிக்கும் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்து, பிறகு ஸ்டார்ட்.

9. யாருக்கு, எப்படித் தகவல்

எஸ்எம்எஸ் வழியாக அனுப்ப டிஎல்டி (வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான) பதிவு வேண்டும். பான், ஜிஎஸ்டி சான்று, அதிகாரக் கடிதம், அனுப்புநர் பெயர், வாசகங்களின் மாதிரி என்று பல ஒப்புதல்கள். ஒரு கடைக்கு இது தேவையில்லாத சுமை. டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் ஒன்று இலவசமாக ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், ஸ்க்ரிப்ட்டிலிருந்து ஒரே கர்ல் வரியில் செய்தி போகும். பாட்டின் டோக்கனை மற்றவர்கள் படிக்க முடியாத தனிக் கோப்பில் வையுங்கள்.

செய்தியில் நேரம், கர்ல் எண், எத்தனையாவது ரீஸ்டார்ட், சாட்சிய ஃபோல்டர் பெயர் இருந்தால் போதும். 30 விநாடிக்கு ஒரு செய்தி வேண்டாம், இரண்டு நாளில் எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மலை ஏறியதும் போன் கேரள நெட்வொர்க்குக்கு மாறும். சில சிம்களில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் நெட் நின்றுவிடும், கீழே இறங்கும்வரை தகவல் வராது. பொறுப்பாளர் போனில் அதை ஆன் செய்து வையுங்கள், மேலே ஒருவர் கீழே ஒருவர் என இருவருக்கு அனுப்புங்கள்.

மெஷினே அணைந்தால் ஸ்க்ரிப்ட் எப்படிப் பேசும்? ஒவ்வொரு நல்ல சோதனைக்கும் வெளியே இன்னொரு சின்ன மெஷினுக்கு ஒரு தட்டு தட்டச் செய்யுங்கள். அங்கே அப்டைம் கூமா என்ற இலவச மென்பொருளில் 'புஷ்' வகைக் காவல் இருக்கிறது. 5 நிமிடம் தட்டு வராவிட்டால் அது கத்தும்.

10. செலவும் நேரமும்

மென்பொருள் எல்லாம் இலவசம். வெளிக் காவலுக்கு 1 ஜிபி கிளவுட் மெஷின் மாதம் 6 டாலர் அளவில், மேலே 18% ஜிஎஸ்டி. அமைக்க ஒரு நாள், அளக்க ஒரு வாரம், ரீஸ்டார்ட் இல்லாமல் 'செய்திருப்பேன்' என்று செய்தி மட்டும் அனுப்பும் ஒத்திகை இன்னொரு வாரம். ஒத்திகையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பொய்யான அபாயக் குரல் எத்தனை என்பது அங்கேதான் தெரியும்.

தினமும் ஒருமுறை திட்டமிட்ட ரீஸ்டார்ட் வைப்பவர்கள் மெஷினின் நேரத்தைப் பாருங்கள். கிளவுட் மெஷின் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே 'இரவு 2 மணி' என்று வைத்தால் நமக்குக் காலை 7.30. டைம்டேட்சிடிஎல் மூலம் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சர்வர் இருந்தால், கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக எழ பயாஸில் ஏசி பவர் பற்றிய அமைப்பை 'பவர் ஆன்' ஆக்குங்கள். சாரல் காலத்தில் இது இல்லாமல் மற்ற எதுவும் பயன்படாது.

11. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

கடை மூடியபின், பேக்கப் எடுத்துவிட்டு, ஆப்பின் புரோசஸுக்கு 'கில் மைனஸ் ஸ்டாப்' கொடுங்கள். அது சாகாது, உறையும். போர்ட் இணைப்பை ஏற்கும், பதில் வராது, கர்ல் 28 தரும், அசல் தொங்கல் மாதிரியே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: 2 நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், உறைந்த ஆப்பிடம் ஜேஸ்டாக் கெடுவோடு தோற்று வெளியே வர வேண்டும், சிஸ்டம்டி உறைந்ததை எழுப்பி ஒழுங்காக நிறுத்தித் தொடங்க வேண்டும், செய்தி இரண்டு போனுக்கும் வர வேண்டும். மொத்தம் 5, 6 நிமிடத்துக்குள் லாகின் செய்ய முடிந்தால் சரி.

அடுத்து டேட்டாபேஸை மட்டும் நிறுத்துங்கள். இப்போது ரீஸ்டார்ட் நடக்கக் கூடாது, செய்தி மட்டும் வர வேண்டும். கடைசியாக மூன்று முறை அடுத்தடுத்து உறைய வைத்து, மூன்றாம் முறை ஸ்க்ரிப்ட் ஒதுங்குகிறதா என்று பாருங்கள். இந்த மூன்று சோதனைகளின் தேதியையும் முடிவையும் முதல் படியில் எழுதிய அதே தாளின் பின்பக்கம் குறித்து, சர்வர் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். ஆப்பின் புது வெர்ஷன் வரும் ஒவ்வொரு முறையும் முதல் சோதனையையாவது திரும்பச் செய்யுங்கள்.